ஸ்போர்ட்ஸ் காரை ஏற்றிச் செல்ல எந்த டிரெய்லர், எந்த வண்டி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேஸ் டிராக்குக்குக் காரை ஓட்டிக்கொண்டே போய், அதே காரில் வீடு திரும்பிவிடலாம் என்ற தைரியம் முதல் இரண்டு மூன்று முறைதான் இருக்கும். ஒருநாள் பிரேக் பேட் தேய்ந்து இரும்பு உரசும், இல்லை கிளட்ச் கைவிடும். அன்று ராத்திரியே டிரெய்லர் யோசனை வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதற்கப்புறம் இரண்டு டிரெய்லர், மூன்று இழுவை வண்டி மாற்றியாகிவிட்டது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும் கீழே.

முதலில் எதை முடிவு செய்வது, வண்டியையா டிரெய்லரையா?

டிரெய்லரை. நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆசைப்பட்டு ஒரு பிக்அப்பை வாங்கிவிட்டு, அது எவ்வளவு இழுக்கும் என்று பார்த்து, அந்த வரம்புக்குள் அடங்குகிற டிரெய்லரைத் தேடுவார்கள். கடைசியில் காரின் மூக்கு ஏறாத ஒரு டிரெய்லரோடு நிற்பார்கள். காரின் எடை, நீளம், தாழ்வு இந்த மூன்றும் டிரெய்லரைத் தீர்மானிக்கட்டும். கார், டிரெய்லர், சாமான் எல்லாம் சேர்ந்த எடை வண்டியைத் தீர்மானிக்கட்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். கார் 1,500 கிலோ. இரண்டு அச்சுள்ள திறந்த இரும்பு டிரெய்லர் 900 கிலோ. மாற்றுச் சக்கரம் ஒரு செட், ஜாக்கி, கருவிப்பெட்டி, பெட்ரோல் கேன் எல்லாம் 150 கிலோ. மொத்தம் 2,550. இதே காரை மூடிய டிரெய்லரில் ஏற்றினால் டிரெய்லர் மட்டுமே 1,500 முதல் 2,000 கிலோ வரை இருக்கும். மொத்தம் 3,400-ஐத் தொடுவது சாதாரணம். காரும் சாமானும் மாறவே இல்லை, ஆனால் முக்கால் டன்னுக்கு மேல் கூடிவிட்டது. வண்டியை முதலில் வாங்கியவருக்கு இங்கேதான் இடிக்கும்.

காரின் எடையை எங்கே பார்ப்பது?

கையேட்டில் இருக்கும் எண் ஒரு தொடக்கம், அவ்வளவுதான். 1996-இல் வந்த முதல் லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோ. மஸ்டா எம்எக்ஸ்-5 ஆயிரத்தைச் சுற்றி வரும். இன்றைய போர்ஷே 911 கரேரா 1,500-ஐ ஒட்டி நிற்கும், நிஸான் ஜிடி-ஆர் 1,700-ஐத் தாண்டும். ஆனால் உங்கள் காரில் ரோல் கேஜ் (கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு) இருக்கலாம், பின்சீட்டைக் கழற்றியிருக்கலாம், டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கலாம். 60 லிட்டர் பெட்ரோலே 45 கிலோ. ஒருமுறை எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது. முன் சக்கரம் தனி, பின் சக்கரம் தனி என்று இரண்டாக நிறுத்திப் பாருங்கள். அந்த இரண்டு எண்ணும் காரை டிரெய்லரில் எங்கே வைப்பது என்ற கேள்வி வரும்போது தங்கமாகத் தெரியும்.

“3,500 கிலோ இழுக்கும்” என்று வண்டிக் கையேட்டில் இருக்கிறது. என் மொத்தம் 2,550தான். அப்புறம் என்ன கவலை?

கவலை அந்த எண்ணில் இல்லை, அதன் பக்கத்தில் இருக்கிற மற்ற எண்களில். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டி தன் மேல் எவ்வளவு சுமக்கலாம் என்ற பேலோட் வரம்பைப் பெரும்பாலும் அதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். டிரெய்லரின் மூக்கு வண்டியின் பின்புறத்தில் உட்கார்கிறது அல்லவா, அந்த எடையும் பேலோடில்தான் சேரும். 2,550 கிலோ டிரெய்லரின் மூக்கு 12 சதவீதம் அழுத்துகிறது என்று வைத்தால் 306 கிலோ. நான்கு பேர் ஏறினால் இன்னொரு 300. பேலோட் 600 என்றால் தீர்ந்தது, பெட்டிகூட வைக்க முடியாது. இழுவை வரம்பில் இன்னும் கிட்டத்தட்ட ஒரு டன் மிச்சம் இருக்கும்போதே இப்படி. இதுபோக வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு, பின் அச்சுக்கு ஒரு வரம்பு, கொக்கிக்கு ஒரு வரம்பு என்று தனித்தனியாக உண்டு. எது முதலில் முட்டுகிறதோ அதுதான் உங்கள் வரம்பு.

அந்த 3,500 எப்படி வந்தது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். அமெரிக்காவில் 2008-இல் எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை வந்தது. அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சோதனையில் அரிசோனாவின் டேவிஸ் அணையிலிருந்து மேலேறும் சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றத்தை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். கொளுத்துகிற வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். நம்பத்தக்க எண் என்றால் இப்படிப் பெற்றதுதான்.

2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் எண்டவர் விண்கலத்தை ஒரு டொயோட்டா டன்ட்ரா பிக்அப் பாலத்தின் மேல் இழுத்துப் போனது. சேர்த்துப் பார்த்தால் நூறு டன்னுக்கு மேல். இதைச் சொல்லி என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. சமதளத்தில் ஆமை வேகத்தில் உருட்டுவதற்கு உருளும் உராய்வைத் தாண்டினால் போதும். நம் கவலை இறக்கத்தில் நிறுத்துவதும், வளைவில் நேராக வைத்திருப்பதும். இழுப்பது இந்த வேலையிலேயே ஆகச் சுலபமான பகுதி.

மூக்கு எடை, மூக்கு எடை என்கிறார்களே, அது ஏன் அவ்வளவு முக்கியம்?

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: பின்பாரம் ஆகக்கூடாது. பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்துப் பட்டை இறுகும். ரொம்ப முன்பாரமானால் மாடு முழங்காலிடும். டிரெய்லரிலும் இதே கதைதான். மூக்கில் எடை போதாவிட்டால் டிரெய்லரின் பின்பகுதி ஆட ஆரம்பிக்கும், அந்த ஆட்டம் வேகத்தோடு வளரும். எடை மிஞ்சினால் இழுக்கும் வண்டியின் பின்புறம் அமுங்கி முன் சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் பிடிக்காது, பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

வட அமெரிக்காவில் மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பாவில் சாதாரணக் கார்களின் கொக்கிக்குப் பெரும்பாலும் 75 அல்லது 100 கிலோ வரைதான் அனுமதி, ஆகவே அங்கே சதவீதம் குறைவு. அங்கத்திய டிரெய்லர்களில் அச்சு நடுவை ஒட்டி இருக்கும், ஓட்டும் வேகமும் குறைவு. இரண்டு ஊர் விதியையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் உங்கள் வண்டியும் கொக்கியும் எந்த முறையில் எண் கொடுத்திருக்கின்றனவோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கார் கொஞ்சம் நகர்ந்தால் மூக்கு எடை எவ்வளவு மாறும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. கொக்கிப் பந்திலிருந்து (டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) டிரெய்லர் அச்சுகளின் நடுவரை 4 மீட்டர், கார் 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை ஒரு சாண், அதாவது இருபது சென்டிமீட்டர் சொச்சம் முன்னே தள்ளினால் மூக்கில் 80 கிலோ கூடும். பின்னே தள்ளினால் 80 கிலோ குறையும். அதாவது ஒரு ஆள் எடை, ஒரு சாணில். அதனால்தான் சரியான இடத்தை ஒருமுறை கண்டுபிடித்ததும் தளத்தில் பெயின்ட்டால் கோடு போட்டு, முன் சக்கரம் வந்து முட்டுகிற மாதிரி ஒரு தடுப்பையும் திருகிவிட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு, மழையில், களைப்போடு காரை ஏற்றும்போது அந்தத் தடுப்புதான் உங்களுக்காக யோசிக்கும்.

அளக்க எடைமேடை போதும். இழுக்கும் வண்டியை மட்டும் தனியாக எடை போடுங்கள். பிறகு டிரெய்லரை மாட்டி, டிரெய்லர் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்கும்படி வண்டியை மட்டும் மேடையில் நிறுத்தி மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் மூக்கு எடை.

என் கார் பின்எஞ்சின் கார். வித்தியாசம் உண்டா?

உண்டு. 911-இல் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின் சக்கரங்களில் இருக்கிறது. முன்எஞ்சின் காருக்குப் போட்ட கோட்டில் அதை நிறுத்தினால் டிரெய்லர் பின்பாரமாகிவிடும். இன்னும் முன்னே நகர்த்த இடம் இருந்தால் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் பின்புறமாக ஏற்றுங்கள். நடுஎஞ்சின் கார்களுக்கும் பாதி அளவில் இதே பிரச்சினைதான். ஆகவே பின்எஞ்சின் கார் வைத்திருப்பவர்கள் டிரெய்லர் வாங்கும்போது தளம் காரைவிட ஒரு மீட்டராவது நீளமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நகர்த்த இடம் இல்லாத டிரெய்லர் எவ்வளவு உறுதியானதாக இருந்தும் பயனில்லை.

டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது?

ஒரு முறை எனக்கு நடந்தது. திரும்பி வரும் வழி. சாமானை அடுக்கப் பொறுமை இல்லாமல் நாலு சக்கரத்தையும் ஜாக்கியையும் டிரெய்லரின் வால் பக்கம் போட்டுவிட்டேன். ஒரு இறக்கத்தில், பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்தபோது கண்ணாடியில் பார்த்தால் என் கார் இடது பக்கம் தெரிகிறது, அடுத்த நொடி வலது பக்கம் தெரிகிறது. கால் தானாக பிரேக்கைத் தேடியது. அதைத்தான் செய்யக்கூடாது. வண்டி மெதுவாகிவிடும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், ஆட்டம் இரட்டிப்பாகும். வேகம் கூட்டி ஆட்டத்தை நேராக்கலாம் என்பதும் நம்பக்கூடாத யோசனை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்டத்துக்கு எதிர்த்திசையில் திருப்பித் திருப்பி மல்லுக்கட்டாதீர்கள். டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் நெம்புகோல் வண்டியில் இருந்தால் அதை மெல்லப் பிடியுங்கள். டிரெய்லர் பின்னால் இழுபட்டுத் தானே நேராகும்.

அன்று ஓரங்கட்டி, சக்கரங்களை முன்னால் கொண்டுவந்து கட்டினேன். அப்புறம் வீடு வரை ஒரு அசைவு இல்லை. ஆட்டத்தைத் தடுக்கும் கருவிகள் விற்கின்றன, நல்லவைதான். ஆனால் பின்பாரமாக ஏற்றிவிட்டு அதை மாட்டுவது காய்ச்சலுக்கு விசிறி வீசுவது மாதிரி.

இழுக்க எந்த மாதிரி வண்டி நல்லது?

குதிரைத்திறனைக் கடைசியில் பாருங்கள். வண்டி தன்னளவில் கனமாக இருக்கிறதா, முன் பின் அச்சுகளுக்கு இடையே நல்ல நீளம் இருக்கிறதா, பின் அச்சுக்கும் கொக்கிக்கும் இடைவெளி குறைவாக இருக்கிறதா என்பதுதான் முதலில். நீளமான அச்சிடைவெளி உள்ள வண்டியை டிரெய்லரால் எளிதில் அலைக்கழிக்க முடியாது. குட்டையான நாலுசக்கர ஜீப் வகைகள் சேற்றில் சிங்கம்தான், ஆனால் இரண்டரை டன்னைப் பின்னால் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால் நாய் வாலை ஆட்டாது, வால் நாயை ஆட்டும்.

சட்டகத்தின் மேல் கட்டிய பிக்அப், பெரிய எஸ்யூவி இரண்டுமே இதற்கென்று பிறந்தவை மாதிரி. எனக்குப் பிடித்தது எஸ்யூவி. கருவி, ஹெல்மெட், துணிமணி எல்லாம் உள்ளே பூட்டி வைக்கலாம். ஆனால் பேலோட் பெரும்பாலும் பிக்அப்பில்தான் கூட. பெரிய வேன் பற்றி யாரும் பேசுவதில்லை. சுமையும் ஏற்றும், உள்ளே படுத்துத் தூங்கவும் முடியும், வசதிதான். கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கத் தனி கூலர் இருக்கிறதா என்று பாருங்கள், ஏற்றத்தில் முதலில் வேகுவது அதுதான். டீசல் என்றால் கீழ் வேகத்திலேயே முறுக்குவிசை கிடைக்கும், அடிக்கடி கியர் மாறாது. சிவிடி (தனித்தனிப் படிகள் இல்லாத தானியங்கி) கியர்பாக்ஸ் உள்ள வண்டிகளில் இழுவை வரம்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், கையேட்டைப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

மின்சார பிக்அப்கள் இழுப்பதில் அசத்துகின்றன, மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியை சார்ஜ் செய்யும் பிரேக் இறக்கத்தில் பெரிய வரம். ஆனால் பெரிய மூடிய டிரெய்லரை மாட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சார்ஜ் போடுகிற இடத்தில் டிரெய்லரைக் கழற்றி வைக்காமல் நுழைய முடிகிறதா என்பது அடுத்த தலைவலி.

என் கார் ரொம்ப லேசானது. சாதாரணக் காரால் இழுக்க முடியாதா?

முடியும். கேட்டர்ஹாம், பழைய எலீஸ், எம்எக்ஸ்-5 மாதிரி கார்களோடு 500 கிலோவை ஒட்டிய அலுமினிய டிரெய்லரைச் சேர்த்தால் மொத்தம் 1,200-இலிருந்து 1,700 கிலோவுக்குள் அடங்கும். நடுத்தர டீசல் ஸ்டேஷன் வேகன் பலவற்றின் வரம்புக்குள் இது வரும். பிரிட்டனில் புதியவர்களுக்கு ஒரு பழைய அறிவுரை உண்டு: டிரெய்லரின் மொத்த எடை இழுக்கும் வண்டியின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். சட்டம் இல்லை, அனுபவம். முதல் ஒரு வருடத்துக்கு நானும் அதையே சொல்வேன்.

திறந்த டிரெய்லரா, மூடியதா?

மாதம் ஒருமுறை டிராக்குக்குப் போய் வருகிறவருக்குத் திறந்தது போதும். லேசு, காற்று பிடிக்காது, பின்னால் என்ன நடக்கிறது என்று கண்ணாடியில் தெரியும், நிறுத்தி வைக்க இடமும் குறைவாகப் போதும். கல் தெறிப்பு ஒன்றுதான் குறை. இழுக்கும் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பெரிய மட்கார்டு மாட்டி, டிரெய்லரின் முன்னால் ஒரு கல்தடுப்புப் பலகை வைத்தால் அதில் பெரும்பாதி தீரும்.

மழை, திருட்டு, ஊர் கண் இவற்றிலிருந்து மறைக்க வேண்டிய கார் என்றால் மூடியது. ஓடும் பட்டறை மாதிரி பயன்படும். ஆனால் அது ஒரு பாய்மரம். பக்கவாட்டுக் காற்றில் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க முடியாது, எரிபொருள் எடையைவிடக் காற்றுக்குத்தான் அதிகம் போகும்.

தாழ்வான காரை எப்படி ஏற்றுவது? முன் பம்பர் இடிக்கிறதே.

டிரெய்லர் விற்பவர்கள் எடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். தளம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம், சாய்தளப் பலகை ஒன்றரை மீட்டர் நீளம் என்றால் ஏறும் கோணம் கிட்டத்தட்ட 24 டிகிரி. பல ஸ்போர்ட்ஸ் கார்களின் மூக்கு 10 டிகிரியைச் சுற்றித்தான் தாங்கும். அந்த 10 டிகிரிக்கு வர பலகை சுமார் மூன்றரை மீட்டர் இருக்க வேண்டும். தளத்தின் உயரம் 45 சென்டிமீட்டர் என்றால் 2.6 மீட்டரே போதும். எனவே தாழ்ந்த தளம் உள்ள டிரெய்லரைத் தேடுங்கள், அல்லது தளமே பின்னால் சாய்கிற டில்ட் வகையை வாங்குங்கள். டில்ட் கொஞ்சம் கனம் கூடுதல், ஆனால் ஒரு முறை பழகியவர் வேறு எதற்கும் போக மாட்டார்.

இருக்கிற டிரெய்லரை வைத்தே சமாளிக்க வேண்டும் என்றால்: பலகையின் கால் பக்கம் தரையில் கனமான மரப்பலகைகளைப் படிப்படியாகப் போட்டு ஏற்றத்தை இரண்டாகப் பிரியுங்கள். அல்லது இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்கள் மேட்டில் நிற்கும்படி நிறுத்துங்கள். டிரெய்லரின் மூக்கு உயர்ந்தால் அதன் வால் தாழும். காரின் மூக்கு தப்பினாலும், பலகை தளத்தோடு சேரும் முனையில் காரின் வயிறு தட்டும் என்பதை மறக்காதீர்கள். ஒருவர் தரையோடு தரையாகக் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க, மற்றவர் அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும். முதல்முறை நான் தனியாக ஏற்றினேன். “டக்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், முன் லிப் ஸ்பாய்லர் இரண்டாக இருந்தது.

இன்னொன்று. டிரெய்லரை வண்டியோடு மாட்டாமல் காரை ஏற்றவே கூடாது. மாட்டியிருந்தாலும், காரின் எடை வால் பக்கம் வரும்போது மூக்கு மேலே தூக்கும், அதோடு சேர்ந்து வண்டியின் பின்சக்கரமும் லேசாகும். கைபிரேக் பிடிப்பது பெரும்பாலும் பின்சக்கரத்தைத்தான். அதனால் வண்டியின் முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, டிரெய்லரின் வாலுக்கு அடியிலும் முட்டுக் கொடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

ஏற்றிவிட்டேன். இப்போது கதவு திறக்கவில்லையே?

எல்லோரும் வாங்கிய பிறகு கண்டுபிடிக்கிற விஷயம் இது. ஸ்போர்ட்ஸ் காரின் கதவு நீளமானது, தாழ்வானது. டிரெய்லரின் மட்கார்டு சரியாக அதற்கு நேராக நிற்கும். நான் ஒரு சீசன் முழுக்க ஜன்னல் வழியாகத்தான் இறங்கினேன். முதலில் ஒரு கால், பிறகு இடுப்பு, பிறகு மானம். கழற்றக்கூடிய மட்கார்டு உள்ள டிரெய்லர் கிடைக்கும், அல்லது மேலேயே காரை ஓட்டக்கூடிய மட்கார்டும் உண்டு. இரண்டும் இல்லாவிட்டால் வின்ச் (கம்பியைச் சுற்றிக் காரை மேலே இழுக்கும் கருவி) வையுங்கள். என்ஜின் போன காரை ஏற்றவும் அதுதான் கைகொடுக்கும், டிரெய்லரே பெரும்பாலும் அதற்குத்தானே வாங்குகிறோம்.

ஒரு அச்சா, இரண்டு அச்சா? இரும்பா, அலுமினியமா?

காருக்கு இரண்டு அச்சு. ஒரு டயர் வெடித்தாலும் மற்றது தாங்கும், ஓட்டமும் நிதானமாக இருக்கும். ஆனால் டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கலாக நின்றால் பின் அச்சின் டயர்களுக்கே பாரம் போய்ச் சேரும். கொக்கிக் கட்டையின் உயரத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். அலுமினியம் ஒன்றிரண்டு நூறு கிலோ லேசு, துருப்பிடிக்காது, விலை கூடுதல். வண்டியின் வரம்பு நெருக்கமாக இருந்தால் அலுமினியம், இல்லாவிட்டால் இரும்பு.

பிரேக் கட்டாயமா?

கார் ஏற்றும் டிரெய்லருக்கு பிரேக் இல்லாமல் பேச்சே இல்லை. இரண்டு வகை. டிரெய்லர் வண்டியை முட்டித் தள்ளும் விசையிலேயே பிரேக் பிடிக்கும் ஓவர்ரன் வகை ஒன்று, வண்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலரிலிருந்து இயங்கும் எலெக்ட்ரிக் வகை இன்னொன்று. முதலாவது ஐரோப்பாவில் சகஜம், இரண்டாவது வட அமெரிக்காவில். எலெக்ட்ரிக் என்றால் ஒவ்வொரு முறை எடை மாறும்போதும் சரிபார்க்க வேண்டும்: காலியான காய்ந்த சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கன்ட்ரோலர் நெம்புகோலை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டாமல் திடமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். கொக்கி கழன்றால் தானாக பிரேக் போடும் பிரேக்அவே கம்பியைச் சங்கிலியோடு சேர்த்து மாட்டாதீர்கள், வண்டியில் தனியாக ஒரு இடத்தில் மாட்டுங்கள்.

கொக்கிப் பந்து சரியாக மாட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஐரோப்பாவில் பந்து 50 மில்லிமீட்டர், ஒரே அளவு. வட அமெரிக்காவில் 2 அங்குலம், 2 5/16 அங்குலம் என்று கலந்து கிடக்கும். பெரிய கப்ளரை (பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லர் மூக்குப் பகுதி) சின்னப் பந்தின் மேல் வைத்துப் பூட்டினால் பூட்டிக்கொண்ட மாதிரியே தெரியும், முதல் பெரிய பள்ளத்தில் துள்ளி வெளியே வந்துவிடும். பூட்டிய பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றி மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் சரி. பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக, எக்ஸ் வடிவில் மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

காரை எப்படிக் கட்டுவது?

என் வாக்கு சக்கரத்தைக் கட்டும் பட்டைகளுக்கே. டயரைச் சுற்றிப் பிடித்துத் தளத்தோடு இறுக்கினால் கார் தன் ஸ்பிரிங்கின் மேல் இயல்பாக ஆடிக்கொள்ளும், பட்டை தளராது. சட்டகத்தில் கட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங் அமுங்கி எழும், பட்டை தளர்ந்து இறுகும், கொக்கி கழன்றே விழலாம். நாலு மூலைக்கும் தனித்தனிப் பட்டை. சாதாரண 2 அங்குல ராட்செட் பட்டை அறுவதற்கு 10,000 பவுண்டு வேண்டும் என்று போட்டிருந்தாலும், அது வேலை செய்யத் தகுந்த சுமை அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 1,500 கிலோதான். வாங்கும்போது இந்த இரண்டாவது எண்ணைப் படியுங்கள். பிரேக் குழாய், ஆன்டிரோல் பார், கன்ட்ரோல் ஆர்ம் மாதிரி சஸ்பென்ஷன் பாகங்கள் இவற்றில் கொக்கியை மாட்டாதீர்கள்.

கிளம்பி பதினைந்து இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். முதல் நிறுத்தத்தில் ஏதாவது ஒன்று நிச்சயம் தளர்ந்திருக்கும். அந்த நேரத்திலேயே டிரெய்லரின் நான்கு சக்கர மையத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று சுடச்சுடவும் இருந்தால் அதன் பேரிங் போகப் போகிறது, இல்லை பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிராக்கிலிருந்து நேராக ஏற்றிய காரின் பிரேக் சூடாக இருக்கும்போது கைபிரேக் போடாதீர்கள், பேட் டிஸ்கில் ஒட்டிவிடும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

டிரெய்லர் டயரைப் பற்றி ஏதாவது?

ரப்பர் தேய்வதற்கு முன்னாலேயே அவற்றுக்கு வயதாகிவிடும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டினால் பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். எஸ்டி (ST) என்று தொடங்கும் டிரெய்லர் டயர்களில் வேறு குறி இல்லாவிட்டால் வேக வரம்பு மணிக்கு 65 மைல், சுமார் 105 கிலோமீட்டர். பெரும்பாலான வெடிப்புகள் காற்று குறைவாக, வெயிலில், வேகமாகப் போனவை.

சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் டாலி போதாதா?

முன்சக்கர இழுவைக் காருக்கு ஓரளவு சரி. ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் பின்சக்கர இழுவை. அதைத் தரையில் உருள விட்டால் கியர்பாக்ஸ் எண்ணெய் இல்லாமல் சுழலும், டிரைவ் ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும். நாலுசக்கர இழுவை என்றால் நினைக்கவே வேண்டாம். போதாக்குறைக்குத் தாழ்ந்த பம்பர் டாலியில் ஏறாது.

உரிமம், சட்டம்?

நாட்டுக்கு நாடு மாறும், ஓட்டும் இடத்துச் சட்டத்தைப் படிக்காமல் கிளம்பாதீர்கள். உதாரணத்துக்கு, ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம், கார்கள் இழுக்கும் டிரெய்லருக்கு உச்சம் 3,500 கிலோ. கலிஃபோர்னியாவில் எதை இழுத்தாலும் மணிக்கு 55 மைல்தான். இழுக்கும்போது டிரெய்லரின் மேல் இருக்கும் காருக்குக் காப்பீடு செல்லுமா என்பதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலருடைய பாலிசியில் செல்லாது.

ரிவர்ஸ் எடுக்க வரவே மாட்டேன் என்கிறதே?

யாருக்கும் முதலில் வராது. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில், ஆறு மணி இருக்கும் இடத்தில் கையை வையுங்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், அவ்வளவுதான். கொஞ்சமாகத் திருப்புங்கள், உடனே நேராக்குங்கள். கோணம் மடங்க ஆரம்பித்தால் திருத்தப் பார்க்காமல் முன்னே எடுத்து, நேராக்கி, மறுபடி வாருங்கள். நீளமான டிரெய்லர் மெதுவாகத் திரும்பும், அதனால் குட்டை டிரெய்லரைவிடச் சுலபம். காலியான ஒரு மைதானத்தில் இரண்டு மணி நேரம், வெற்று டிரெய்லரோடு, பார்க்க ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் பழகுங்கள். எனக்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் பிடிபட்டது.